நாளையை விற்றவர்கள்: ஒரு விளையாட்டும் ஒரு துறைமுகமும்

சில ஆண்டுகளுக்கு முன் ரொறன்ரோவில் என் பெரியப்பா மகன் வீட்டில் சில வாரம் தங்கியிருந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தொலைக்காட்சியில் பனிக்கட்டி ஹொக்கி. திருகோணமலையில் கடல் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த ஆட்டம் விளங்கவில்லை. அண்ணரின் இளைய மகன் அங்கேயே பிறந்தவன். அவன் ஒரு பழைய துயரத்தை எனக்கு விளக்க முயன்றான். "சித்தப்பா, அந்த ரெண்டு பெடியளும் எங்களுக்கு வந்திருக்க வேண்டியவங்கள். ஆரெண்டு தெரியாமலே வித்துப்போட்டாங்கள்" என்றான்.

யாரென்று தெரியாமலே விற்பது என்ற அந்தச் சொல் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நான் பிறந்த ஊரின் நானூறு ஆண்டுக் கதையை இவன் ஒரே வரியில் சொல்லிவிட்டானே என்று தோன்றியது.

முதலில் அவன் சொன்னதை விளக்கிவிடுகிறேன். வட அமெரிக்கத் தொழில்முறை ஹொக்கியில் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் தம் விருப்பப்படி வளைத்துப் போட முடியாது. ஆண்டுதோறும் ஒரு தெரிவு நடைபெறும். முந்திய பருவத்தில் கடைசியில் நின்ற அணிகளுக்கே முதலில் தெரிவு செய்யும் வாய்ப்பு. நலிந்தவன் எழ வேண்டும் என்பது இதன் நோக்கம். 1963இல் மொன்றியல் நகரில் இது தொடங்கியது. 1995 முதல் முதலிடங்களுக்குக் குலுக்கலும் சேர்ந்துகொண்டது. ஆனால் இந்தத் தெரிவுரிமையை ஓர் அணி மற்றோர் அணிக்குக் கைமாற்றலாம். அடுத்த ஆண்டின் உரிமையையும், அதற்கடுத்த ஆண்டின் உரிமையையும்கூட இன்றே கொடுத்துவிடலாம். அந்த உரிமைக்குள் இருக்கப்போகும் பையன் யார் என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

2009 செப்டம்பரில் ரொறன்ரோ அணி ஃபில் கெசல் என்ற தேர்ந்த ஆட்டக்காரரைப் பொஸ்ரன் அணியிடமிருந்து பெற்றது. விலையாகக் கொடுத்தது 2010, 2011 ஆண்டுகளின் முதற்சுற்றுத் தெரிவுரிமைகளையும் 2010இன் இரண்டாம் சுற்று உரிமையையும். கெசல் கோல்கள் அடித்தார். ஆயினும் அணி அந்தப் பருவத்தில் கடைசிக்கு முந்திய இடத்தில் முடிந்தது. அதனால் விற்ற உரிமை இரண்டாவது தெரிவாக உயர்ந்தது. அதைக் கொண்டு பொஸ்ரன் எடுத்த இளைஞர் டைலர் செகின். மறு ஆண்டின் உரிமையில் டகி ஹமில்ரன் கிடைத்தார். 2011இல் செகினும் இடம்பெற்ற பொஸ்ரன் அணி ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது. ரொறன்ரோ அதைக் கடைசியாக வென்றது 1967இல்.

இதைவிடப் பெரிய கதை 1970இல் நடந்தது. மொன்றியல் அணியின் மேலாளர் சாம் பொலக், கலிபோர்னியாவின் ஓக்லாந்து அணியிடமிருந்து அதன் 1971ஆம் ஆண்டு முதற்சுற்று உரிமையைப் பெற்றுக்கொண்டார். ஓக்லாந்துக்கு அப்போதைக்கு ஆட்டக்காரர் தேவை. பொலக்கோ கியூபெக்கில் வளர்ந்துவந்த கி லஃப்ளேர் என்ற இளைஞர்மீது கண்வைத்திருந்தார். ஓக்லாந்து அணி அடுத்த பருவத்தில் கடைசி இடத்துக்கு விழுந்தது. முதல் தெரிவு மொன்றியலின் கைக்கு வந்தது. லஃப்ளேர் அந்த அணியோடு ஐந்து முறை கிண்ணம் வென்றார். ஓக்லாந்து அணி 1976இல் ஊரை விட்டே போனது. 1978இல் இன்னோர் அணியோடு கரைந்து மறைந்தது.

இக்கதைகளில் ஒரு பொது விதி உண்டு. விற்பவர் இன்றைய நெருக்கடியில் இருக்கிறார். வாங்குபவருக்குப் பொறுமை இருக்கிறது. விற்கப்படும் பொருளுக்கு இன்னும் முகம் இல்லை. முகமில்லாத பொருள் மலிவாகவே போகும்.

இனித் திருகோணமலைக்கு வருவோம்.

1638 மே மாதம் 23ஆம் நாள் மட்டக்களப்பில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்ரர்வோல்டும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். போர்த்துக்கீசரை விரட்ட மன்னனுக்குக் கப்பல்கள் வேண்டும். அவனிடம் கடற்படை இல்லை. எனவே போர்ச் செலவைக் கறுவா, மிளகு முதலிய விளைபொருள்களாகத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டான். இன்னும் உரிக்கப்படாத கறுவா அன்றே கைமாறிற்று. கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிறுத்துவது மன்னன் விரும்பினால் மட்டுமே என்ற சொற்கள் மன்னனின் பிரதியில் இருந்தன. ஒல்லாந்தரின் பிரதியில் அவை இல்லை.

மறு ஆண்டு, 1639 மே மாதத்தில், ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்தனர். பின்னர் அதை மன்னனிடமே ஒப்படைத்துவிட்டனர். காலியையும் நீர்கொழும்பையும் அப்படிக் கொடுக்கவில்லை. காரணம் எளிது. அப்பகுதிகளில் கறுவா இருந்தது, திருகோணமலையில் இல்லை. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றைக் கையில் வைத்திருந்தும் அதன் பெறுமதி அவர்களுக்கு அன்று தெரியவில்லை. 1660களில் திரும்பி வந்து மீண்டும் எடுத்துக்கொண்டனர். மன்னனுக்கோ 1656இல் வீழ்ந்த கொழும்பும் கிடைக்கவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்று சிங்களவர் இதைப் பழமொழியாகவே சொல்வர்.

துறைமுகத்தின் முகம் உலகுக்குத் தெரிந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். வடகீழ்ப் பருவக்காற்று எழுந்தால் சோழமண்டலக் கரையில் போர்க்கப்பல்கள் நிற்க முடியாது. ஆங்கிலக் கடற்படை பம்பாய்க்குச் சுற்றி ஓட வேண்டும். திருகோணமலையின் உட்துறைமுகத்திலோ ஆண்டு முழுதும் நங்கூரமிடலாம். 1782 சனவரியில் அட்மிரல் ஹியூஸ் அதை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். எட்டு மாதத்துக்குள் மூன்று கொடிகள். பின் பாரிசில் சமாதானம் பேசப்பட்டது. 1784இல் முடிந்த உடன்படிக்கையின்படி நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடமே நின்றது. திருகோணமலை ஒல்லாந்தரிடம் திரும்பிற்று. இரண்டு தமிழ்த் துறைமுகங்களின் கணக்கைத் தமிழர் எவரும் இல்லாத மேசையில் ஐரோப்பியர் தீர்த்துக்கொண்டனர்.

1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் திரும்பி வந்து கோட்டையைப் பிடித்தனர். 1802இன் ஆமியான் உடன்படிக்கையில் நன்னம்பிக்கை முனையை ஒல்லாந்தருக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள், இலங்கையின் கரையோரத்தைக் கொடுக்கவில்லை.

சுதந்திரத்தின் போதும் இது தொடர்ந்தது. 1947 நவம்பரில் செய்யப்பட்ட பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையில் தங்கியது. நாடு சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1957 ஒக்டோபரில், பண்டாரநாயக்க அரசின் காலத்தில் தளம் கைக்கு வந்தது. 1987 சூலை இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்கு ஊறு செய்யும் வகையில் எந்த நாட்டுக்கும் இத்துறைமுகம் படைத் தேவைக்குக் கொடுக்கப்படாது என்ற உறுதி இடம்பெற்றது. எண்ணெய்க் குதங்களைக் கூட்டாகச் சீரமைப்பதும் அதே கடிதங்களில் உண்டு.

அந்தக் குதங்கள் பிரித்தானியர் கட்டியவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 யப்பானியத் தாக்குதலில் ஒன்று எரிந்து அழிந்தது. 2003இல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 35 ஆண்டுக் குத்தகை ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆண்டு வாடகை ஒரு லட்சம் அமெரிக்க டொலர். டொலர் தட்டுப்பாட்டில் நாடு தத்தளித்த 2022 சனவரியில் மீண்டும் ஒப்பந்தம் எழுதப்பட்டது. 14 குதங்கள் இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரின் கூட்டு நிறுவனத்துக்கு. காலம் 50 ஆண்டு. அந்தக் காலம் முடியும்போது இன்று கையெழுத்திட்டவர்கள் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். இன்று பாலர் பாடசாலைக்குப் போகும் குழந்தைகள் இருப்பார்கள். 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு இராச்சியமும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு கையெழுத்தானது.

நாளையை ஈடுவைப்பது எப்போதும் பிழை என்று நான் சொல்லவில்லை. இராசசிங்கனுக்கு வேறு கப்பல் கிடைத்திராது. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றவருக்கு 50 ஆண்டுக் கணக்கு பேசிப் பயனில்லை. என் கவலை வேறு. ஹொக்கியில் விற்கப்படும் உரிமைக்குள் இருக்கும் பையனுக்குப் பின்னர் ஒரு பெயர் வருகிறது, சம்பளம் வருகிறது, வாயும் வருகிறது. 1991இல் கியூபெக் அணி முதலாவதாகத் தெரிவு செய்த எரிக் லின்ட்ரொஸ், அந்த அணிக்கு ஆடமாட்டேன் என்று ஓராண்டு நின்றார். 1992இல் அவரை ஃபிலடெல்பியாவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஊர்களுக்கு அந்த வாய் எளிதில் கிடைப்பதில்லை.

உட்துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் மறுகரையில் சம்பூர் இருக்கிறது. 2006இல் போரினால் அதன் மக்கள் இடம்பெயர்ந்தனர். அதே ஆண்டில் இந்திய அனல்மின் நிலையம் ஒன்றுக்கான புரிந்துணர்வு கையெழுத்தானது. அதற்குத் தெரிவான இடம் சம்பூர். 2012இல் 818 ஏக்கர் முதலீட்டு வலயமாக வர்த்தமானியில் வந்தது. சொந்தக்காரர் முகாம்களில் இருந்தனர். அவர்கள் விடாமல் தம் காணியைக் கேட்டனர். 2015இல் அந்த 818 ஏக்கர் அறிவித்தல் நீக்கப்பட்டது. 2016இல் அனல்மின் திட்டமும் கைவிடப்பட்டது. மக்கள் திரும்பி வந்து பற்றைக் காட்டை வெட்டிக் கிணறுகளை இறைத்தனர். இத்துறைமுகத்தின் நீண்ட பேரங்களில், பண்டமாக எழுதப்பட்டவர்கள் பெயரோடு எழுந்து நின்று மறுத்த நிகழ்ச்சிகள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

இனி வரப்போகும் ஒவ்வோர் ஒப்பந்தத்தையும் படிக்கும்போது வாசகர்கள் தொகையையும் ஆண்டுகளையும் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். அதோடு மேசையைச் சுற்றி யார் இருந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். ரொறன்ரோவில் அந்தப் பையன் கோபப்பட்டது ஒரு கிண்ணத்துக்காக. இங்கே கைமாறுவது அவனுடைய பாட்டன் மீன் வாங்கிய கரை.