லீவு முடிஞ்சு வந்த பைலட்டும் பட்டியல்ல ஒரு நம்பரும்

நம்மள மாதிரி ஆளுங்க ரெண்டு மாசம் லீவு போட்டுட்டுத் திரும்பி வந்தா என்ன ஆகும்? மெயில்பாக்ஸ் நிரம்பி வழியும், 'ஊர்லேர்ந்து என்ன கொண்டாந்தே'ன்னு நாலு பேர் கேப்பாங்க. அவ்ளோதான். மறுநாள்லேர்ந்து பழைய நாற்காலி, பழைய வேலை. ஆனா அமெரிக்காவுல ஒரு விமானி ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழிச்சு வேலைக்குத் திரும்பினா அவர் கேக்குற முதல் கேள்வியே வேற. "இப்ப என் நம்பர் என்ன? அடுத்த மாசத்து பிட்டிங் என்னிக்கு மூடுது?"

(பிட்டுன்னதும் பரிட்சை ஹால் ஞாபகம் வந்தா கம்பெனி பொறுப்பல்ல :-))

கொஞ்ச நாளா விமானத் தொழிலாளர் வரலாறு பக்கமா மேய்ஞ்சிட்டு இருக்கேன். விமானம் ஓட்டத் தெரியாது, ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்கிற ரகம்தான் நான். ஆனா இந்த நம்பர் சமாச்சாரம் ரொம்ப சுவாரசியமா இருக்கு. அதான் இந்தப் பதிவு.

முதல்ல விஷயம் என்னன்னு பாத்துடுவோம். அங்கே ஒவ்வொரு பெரிய விமானக் கம்பெனியிலயும் விமானிகளுக்குன்னு ஒரு சீனியாரிட்டி பட்டியல் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி நம்பர். எந்த ரக விமானம், எந்த ஊரு பேஸ், கேப்டனா துணை விமானியா, கிறிஸ்துமஸுக்கு வீட்டுல இருக்கலாமா வேண்டாமா, எல்லாத்துக்கும் அந்த நம்பர்தான் பதில் சொல்லும். ஒவ்வொரு மாசமும் அடுத்த மாசத்துக்கான பயணங்களைக் கம்பெனி வெளியிடும். விமானிகள் தங்களுக்கு எது வேணும்னு விருப்பத்தைக் கொடுக்கணும். இதுதான் பிட்டிங். மேல இருக்கறவங்களுக்கு முதல் பந்தி. கடைசில இருக்கறவங்களுக்குப் பெரும்பாலும் 'ரிசர்வ்', அதாவது கூப்பிட்டா ஓடி வரணும்னு போனைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு இருக்குற வேலை. வேற கம்பெனிக்குத் தாவினா எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் மறுபடி கடைசிப் பந்திதான்.

இது எப்படி வந்துச்சு? 1931-ல டேவ் பென்கேங்கிற விமானி முன்னால நின்னு சிகாகோவுல விமானிகள் சங்கத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்துல யார் எப்ப பறக்கணும்னு மேனேஜர் வெச்சதுதான் சட்டம். வானிலை சரியில்லைன்னு பறக்க மறுத்தவருக்கு அடுத்த மாசம் என்ன வேலை கிடைச்சிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. 1934-ல அரசாங்கத்தோட தொழிலாளர் வாரியம் மாசத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல பறக்கக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. 1936-ல ரயில்வே தொழிலாளர் சட்டத்தை விமானத் துறைக்கும் நீட்டினாங்க. 1939-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸோட சங்கத்துக்கு முதல் ஒப்பந்தம். ரயில்வேக்காரங்ககிட்ட ஏற்கெனவே ஊறிப்போயிருந்த சீனியாரிட்டி வழக்கம் விமானத்துலயும் ஏறி உக்காந்துச்சு. மேனேஜரோட மூஞ்சியைப் பாத்து வேலை வாங்கற நிலைமைக்கு ஒரு நம்பர் பரவாயில்லைன்னு விமானிகள் நினைச்சதுல ஆச்சரியமில்லை.

சரி, வரிசையில நிக்கிற ஆள் நடுவுல வெளிய போனா? அவர் இடம் அப்படியே இருக்குமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது ஒரு வெல்டர்! ஆப்ரஹாம் ஃபிஷ்கோல்டுன்னு ஒருத்தர், புரூக்ளின்ல கப்பல் பட்டறையில வேலை பாத்தவர். ரெண்டாம் உலகப் போருக்குப் போயிட்டுத் திரும்பி வந்தார். போருக்குப் போனவங்களை சீனியாரிட்டி குறையாம திரும்ப எடுத்துக்கணும்னு 1940-ல போட்ட சட்டம் சொல்லிச்சு. எடுத்துக்கிட்டாங்க. ஆனா 1945-ல வேலை குறைவா இருந்த ஒரு 9 நாள், அவரை விட சீனியரான, போருக்கே போகாத ஆளுங்களுக்கு வேலை கொடுத்துட்டு இவரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கோர்ட்டுக்குப் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1946-ல நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதின தீர்ப்புல ஒரு அருமையான உவமை வருது. சீனியாரிட்டிங்கறது எஸ்கலேட்டர் மாதிரி. போருக்குப் போனவர் இறங்கின படியில திரும்ப ஏறுறதில்லை. இறங்காமலே நின்னிருந்தா இந்நேரம் எந்தப் படிக்குப் போயிருப்பாரோ, அந்தப் படியில ஏறுறார்.

வேடிக்கை என்னன்னா, வழக்கைப் போட்ட ஃபிஷ்கோல்டு தோத்துட்டார். அவருக்கு உரிய படி கிடைச்சாச்சு, மத்தவங்க தலைக்கு மேல ஏற முடியாதுன்னுட்டாங்க. ஆனா உவமை ஜெயிச்சுடுச்சு. 1994-ல ராணுவ சேவைக்குப் போறவங்களுக்காக வந்த புதுச் சட்டமும் இதே எஸ்கலேட்டர் கணக்குதான். அமெரிக்க விமானிகள்ல நிறையப் பேர் ரிசர்வ் படையில இருக்கறவங்க. அழைப்பு வந்தா சீருடையை மாத்திக்கிட்டுக் கிளம்பணும். அவங்க நம்பருக்கு இந்த வெல்டர்தான் காவல் தெய்வம்.

அடுத்தது பெண்கள். 1973-ல ஃபிரான்டியர் ஏர்லைன்ஸ் எமிலி ஹவலை விமானியா எடுத்துச்சு. அதே வருஷம் அமெரிக்கன்ல போனி டிபுர்ஸி. அதுக்கப்புறம் பிரசவ லீவுன்னு ஒரு விஷயம் காக்பிட்டுக்குள்ளயும் வந்தே ஆகணும் இல்லையா. 1993-ல குடும்ப, மருத்துவ லீவுச் சட்டம் வந்துச்சு. வேலைப் பாதுகாப்போட 12 வாரம், சம்பளம் கிடையாது. ஆனா முந்தின 12 மாசத்துல 1,250 மணி நேரம் வேலை செஞ்சிருக்கணும். இங்கதான் கூத்து. விமானப் பாதுகாப்பு விதிப்படி ஒரு விமானி வருஷத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல பறக்கவே கூடாது. பறந்த நேரத்தை மட்டும் எண்ணினா எந்த ஜென்மத்துலயும் 1,250-ஐத் தொட முடியாது! ஒரு சட்டம் தர்றதை இன்னொரு சட்டம் தடுக்குது. இதைச் சரி பண்ண 16 வருஷம் ஆச்சு. 2009 டிசம்பர்ல தனித் திருத்தம் கொண்டாந்து, விமானப் பணியாளர்களுக்கு 504 மணி நேரமும், கம்பெனி உறுதி சொன்ன மாதாந்திர நேரத்துல 60 சதவீதமும் போதும்னு மாத்தினாங்க.

தானா எடுத்த லீவு இப்படின்னா, கம்பெனியே 'கொஞ்ச நாள் வீட்டுல இருங்க'ன்னு அனுப்பினது வேற கதை. 2001 செப்டம்பருக்கு அப்புறம் ஆயிரக்கணக்கான விமானிகளுக்கு இந்த நிலைமை. 2005-ல யூஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் ஒண்ணாச்சு. ரெண்டு பட்டியலை எப்படி ஒண்ணாக்குறது? ஜார்ஜ் நிகோலாவ்ங்கிற நடுவர் 2007-ல தீர்ப்பு கொடுத்தார். யூஎஸ் ஏர்வேஸ்ல பல வருஷ சர்வீஸ் இருந்தும் அந்த நேரத்துல வேலையில்லாம வீட்டுல இருந்தவங்க, அமெரிக்கா வெஸ்ட்ல அப்பதான் சேர்ந்தவங்களுக்கும் கீழே போயிட்டாங்க. கொதிச்சுப் போன யூஎஸ் ஏர்வேஸ் தரப்பு 2008-ல பழைய சங்கத்தையே தூக்கிப் போட்டுட்டு வேற சங்கம் ஆரம்பிச்சாங்க. சண்டை பல வருஷம் ஓடுச்சு. ஒரு நம்பருக்கு இவ்வளவான்னு கேக்காதீங்க. அவங்களுக்கு அதுதான் மிச்ச வாழ்க்கை.

இப்ப பிட்டிங்குக்கு வருவோம். பழைய முறையில கம்பெனி ஒரு மாசத்துக்கான பயணங்களைக் கோத்து 'லைன்' 'லைனா' அச்சடிச்சுக் கொடுக்கும். வரிசையில நீங்க 40-வது ஆளா இருந்தா, 40 லைனாவது எழுதிக் கொடுத்தாதான் ஏதாவது ஒண்ணு நிச்சயம். அப்புறம் கம்ப்யூட்டர் வந்துச்சு. 'திங்கக்கிழமை வேண்டாம், காலைப் பயணம் வேணும்'னு விருப்பத்தைச் சொன்னா அதுவே ஒவ்வொருத்தருக்கும் மாசத்தைக் கட்டிக் கொடுக்கும். ஏர் கனடாவுல இது எப்படி நடக்குதுன்னு மான்ட்ரியல் ஆய்வாளர்கள் 1998-ல எழுதின கட்டுரை இந்தத் துறையில பிரபலம். சீனியரோட ஆசையை முதல்ல நிறைவேத்து, ஆனா கடைசி ஆள் வரைக்கும் மிச்ச வேலை பொருந்தணும். இதான் அதுல இருக்குற சவால்.

லீவு முடிஞ்சு வர்றவருக்கு இங்கதான் சிக்கல். சட்டம் நம்பரைக் காப்பாத்திக் கொடுத்துடுச்சு. ஆனா அடுத்த மாசத்து பிட்டிங் இந்த மாசமே மூடிடும், அப்ப அவர் லீவுலதான் இருப்பார். அவர் எதுவும் கொடுக்கலைன்னா, எப்பவோ சேமிச்சு வெச்ச பழைய விருப்பத்தைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கலாம், இல்லை மிச்சம் மீதியைத் தலையில கட்டலாம். போதாததுக்கு, கடைசி 90 நாள்ல 3 தடவை ஏத்தி இறக்கலைன்னா பயணிகளோட பறக்க முடியாது. சிமுலேட்டர்ல உக்காந்து தகுதியைப் புதுப்பிக்கணும். அது முடியற வரைக்கும் நம்பர் 1-ஆ இருந்தாலும் பயணம் கிடையாது. 2020-ல கொரோனாவால லீவுல போனவங்க 2021-ல மொத்தமா திரும்பினப்போ நடந்தது இதுதான். பட்டியல்ல பேர் இருந்துச்சு, சிமுலேட்டர்லயும் பயிற்சியாளர்கிட்டயும் இடம் இல்லை.

இந்த இடத்துல கை கொடுக்கறது பெரும்பாலும் சங்கத்துல இருக்குற சக விமானிகள்தான். அவங்க பாக்கச் சொல்றதெல்லாம் சாதாரண விஷயம். திரும்புற தேதி மாசத்துக்கு நடுவுல விழுதா, பயிற்சி நாட்கள் பட்டியல்ல ஏறிடுச்சா, சேமிச்சு வெச்ச விருப்பம் இப்ப இருக்குற பேஸுக்கும் விமானத்துக்கும் பொருந்துதா, மேல எத்தனை பேர் ஓய்வு பெற்றாங்க, நம்பரை வெச்சு இப்ப எதைக் கேட்டா கிடைக்கும். கைக்குழந்தையை விட்டுட்டு வர்ற ஒரு அம்மாவுக்கு, இதை உக்காந்து சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் இருந்தா அந்த முதல் மாசத்துல பத்து ராத்திரி கூடுதலா வீட்டுல இருக்கலாம்.

எனக்குத் தோணுறது இதுதான். 1946-லேர்ந்து 2009 வரைக்கும் கோர்ட்டும் சட்டமும் போராடினது, வெளிய போனவருக்கு இடம் போகக் கூடாதுங்கறதுக்காக. அது பெரிய விஷயம். ஆனா உரிமை கையில இருந்தும், எந்த தேதிக்குள்ள எந்தப் படிவத்தைக் கொடுக்கணும்னு தெரியாம அது வீணாப் போறது எல்லாத் தொழில்லயும் நடக்குது. எஸ்கலேட்டர் தானா மேல போகும்தான், கால் வைக்கிற நேரத்துல பக்கத்துல ஒருத்தர் கையைப் பிடிச்சா நல்லது.

உங்க வேலையில நீண்ட லீவு முடிஞ்சு வர்றவங்களுக்கு இப்படி யாராவது கை கொடுக்கறாங்களா? சொல்லுங்க, கேப்போம்.