பச்சைப்பயறும் புழுங்கலரிசியும்

மலாயாவின் வரலாற்றை ஈயம், ரப்பர், ரயில் என்றே படித்துப் பழகிவிட்டோம். அதைச் சோற்றுத் தட்டின் வழியாகவும் படிக்கலாம் என்று எனக்குப் புரியவைத்தது பெரிபெரி என்ற நோய்தான். கால் வீங்கும், மரத்துப்போகும், நடை தள்ளாடும். கடைசியில் இதயம் நின்றுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் சீனத் தொழிலாளர்கள் இதில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். தோட்டத்துத் தமிழர்களிடம் அது அரிதாகவே தென்பட்டது.

ஏன்? கிருமி என்றார்கள், ஈரமண் என்றார்கள், இன உடல்வாகு என்றும் சொன்னார்கள். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் அரிசியைப் பார்த்தார். சீனர்கள் தின்றது ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி, மலாய்க்காரர்கள் வீட்டில் குத்திய அரிசி, தமிழர்கள் புழுங்கலரிசி. பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று 1907இல் புத்தகமே எழுதினார். பார்த்தது சரி, சொன்ன காரணம் தப்பு.

1905 டிசம்பரில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ண வைத்தார். ஒற்றைப்படைக்கு வெள்ளை அரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கலரிசி. பாதியில் இரு பிரிவினரின் கூடங்களையும் மாற்றிப் பார்த்தார். நோய் கூடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை, அரிசியின் பின்னாலேயே போனது. ஓராண்டில் வெள்ளை அரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கம் ஒருவரும் இல்லை. அவர்களிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? மருத்துவ வரலாற்றில் ஃபிளெட்சருக்குப் பெயர் இருக்கிறது. செத்தவர்கள் 18 என்ற எண்ணாகத்தான் இருக்கிறார்கள்.

விடை ஜாவாவில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. வெள்ளை அரிசி தின்ற கோழிகள் முடங்கிவிழுவதை பத்தேவியாவில் எய்க்மான் கண்டார். அவருக்குப்பின் வந்த கிரைன்ஸ், 1901இல், நஞ்சு எதுவும் இல்லை, உணவில் ஏதோ குறைகிறது என்றார். அந்த ஏதோ ஒன்று தவிட்டில் இருந்தது, பச்சைப்பயற்றிலும் இருந்தது. நாம் காச்சாங் ஹீஜாவ் என்று கஞ்சி வைத்துக் குடிக்கிறோமே, அதே பயறுதான். இன்றைய போகோரில், மறுபடியும் ஒரு மனநோய்க் காப்பகத்தில், ஹுல்ஸ்ஹோஃப் போல் என்ற மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்.

1926இல் ஜான்சன், டோனாத் இருவரும் பத்தேவியாவில் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். இன்று அதன் பெயர் தயமின், அதாவது வைட்டமின் பி1. நெல்லைத் தீட்டும்போது தவிட்டோடு அது போய்விடுகிறது. பயற்றை முழுசாகவே தின்பதால் அதில் தங்குகிறது. 100 கிராம் உலர்ந்த பச்சைப்பயற்றில் சுமார் 0.6 மில்லிகிராம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி போகாது. 1929 நோபல் பரிசு எய்க்மானுக்குக் கிடைத்தது. கிரைன்ஸுக்கு இல்லை.

நெல் அவிக்கும் முறையைக் கண்டவர்களுக்கோ பெயரே கிடையாது. ‘அப்பவே நம்ம முன்னோருக்கு வைட்டமின் தெரியும்’ என்று வாட்ஸாப்பில் சுற்றுகிற பெருமிதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அரிசி நொறுங்கக் கூடாது, நாள்பட இருக்க வேண்டும், உமி எளிதாகக் கழல வேண்டும் என்பதற்காக அவித்தார்கள். உயிர் காத்தது அந்தப் பழக்கம். ஆவணங்கள் அதை இனத்தின் இயல்பாகப் பார்த்தபோது, அடுப்படியில் நடந்த வேலை மறைந்துபோனது.

இனத்தில் எந்தக் கவசமும் இல்லை என்பதற்குச் சான்று தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். 1943இல் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துப்போகப்பட்ட தோட்டத் தமிழர்களுக்குக் கிடைத்தது தீட்டிய அரிசி, அதுவும் அரை வயிற்றுக்கு. அவர்களுக்கும் கால் வீங்கியது. காலரா, மலேரியாவோடு பெரிபெரியும் அவர்களைக் கொன்றது. தோட்ட வரலாற்றை எழுத வரும் இளையவர்கள் கூலிக் கணக்கோடு அரிசிக் கணக்கையும், பயற்றுக் கணக்கையும் புரட்டிப் பார்க்க வேண்டும். யாருக்கு எது அளந்து போடப்பட்டது என்பதில்தான் யார் பிழைத்தார்கள் என்பதும் இருக்கிறது.