ஏகாம்பரநாதர் ராஜகோபுரமும் கம்ப்யூட்டர் கணக்கும்

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு ராஜகோபுரம் என்றால் அது ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்குக் கோபுரம்தான். ஒன்பது நிலை. 190 அடி அளவுக்கு உயரம். கிருஷ்ணதேவராயர் பட்டத்துக்கு வந்த 1509-ஆம் ஆண்டில் எழுப்பியது. ஐந்நூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. "அந்தக் காலத்துக் கட்டடம் சார், இன்னும் ஆயிரம் வருஷம் நிற்கும்" என்று நாம் எல்லோருமே ஒரு தடவையாவது சொல்லியிருப்போம். அந்த நம்பிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்த்த சிலரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் கோபுரம் எதனால் ஆனது என்று பார்த்துவிடுவோம். கோயில் கட்டும் பொருள் விஷயத்தில் தொண்டை மண்டலத்துக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் குகைக் கோயிலைக் குடைந்தபோது, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமே இல்லாமல் கோயில் செய்தேன் என்று கல்வெட்டில் பெருமையாகப் பொறித்து வைத்தான். அதற்கு முன் இருந்த கோயில்களெல்லாம் அந்தப் பொருள்களால் ஆனவை, அழிந்து போனவை என்பது அதிலிருந்தே தெரிகிறது. அவனுக்குப் பின்வந்த ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சி கைலாசநாதர் கோயிலை மணற்கல்லில் அடுக்கிக் கட்டினான்.

ஆனால் விஜயநகர காலத்தில் கோபுரங்கள் வானளாவ உயர்ந்தபோது கட்டடக்காரர்கள் மறுபடியும் செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் வந்துவிட்டார்கள். காரணம் எளிது. அவ்வளவு உயரத்துக்குக் கருங்கல்லை ஏற்றினால் பாரம் தாங்காது. அதனால் அடிப்பகுதி மட்டும் கருங்கல். அதற்கு மேல் உள்ள நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். வெளியே சுதைச் சிற்பங்கள். மேலே போகப் போகச் சுவர் ஒடுங்கிக்கொண்டே போகும். கோபுரத்தின் நடு வயிறு கூடு. அதில் நிலைக்கு நிலை ஏறிப் போக வழி இருக்கும். மண்டபங்கள் வேறு ரகம். தூண், அதன் மேல் போதிகை, அதன் மேல் உத்தரம், அதன் மேல் கல் பலகை. பெரும்பாலும் காரை கிடையாது. ஒன்றின் பாரத்தில் ஒன்று நிற்கிறது, அவ்வளவுதான்.

இப்போது காளஹஸ்திக்கு வருவோம். பஞ்சபூதத் தலங்களில் காஞ்சி பிருத்வி, காளஹஸ்தி வாயு. அங்கும் கிருஷ்ணதேவராயர் 1516-ல் ஒரு ராஜகோபுரம் எழுப்பினார். நம் கோபுரத்துக்கு ஏழு வயது இளைய தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய முறை ஒன்று, பொருளும் ஒன்று. அந்தக் கோபுரத்தில் விரிசல் இருந்தது பல ஆண்டுகளாகவே தெரியும். 2010 மே மாதம் விரிசல் அகலமானது. சுற்றியிருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். 26-ஆம் தேதி இரவு கோபுரம் சரிந்து மண்மேடாகிவிட்டது. நல்லவேளையாக மனித உயிர் போகவில்லை. அன்று நிலநடுக்கம் இல்லை. வாயு தலம்தான், ஆனாலும் புயல் இல்லை. தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

காற்றும் அடிக்காமல் பூமியும் அதிராமல் ஒரு கோபுரம் எப்படி விழும்? இதற்குப் பதில் தேட இத்தாலி வரைக்கும் போக வேண்டும். அங்கே பவியா என்று ஒரு பழைய ஊர். பல்கலைக்கழகம் உள்ள ஊர். அதன் பேராலயத்துக்குப் பக்கத்தில், பதினோராம் நூற்றாண்டில் தொடங்கிக் கட்டிய செங்கல் கோபுரம் ஒன்று இருந்தது. 1989 மார்ச் 17 காலையில் எந்தக் காரணமும் தெரியாமல் இடிந்து விழுந்தது. நான்கு பேர் இறந்துபோனார்கள். இடிபாடுகளை எடுத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பொறியாளர்கள் சொன்ன முடிவு இதுதான்: கோபுரம் தன் சொந்தப் பாரத்தாலேயே விழுந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் பல நூற்றாண்டு பாரத்தைத் தாங்கித் தாங்கி உள்ளுக்குள் மெல்ல மெல்லத் தளர்ந்து போகும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் ஒன்றோடொன்று சேரும். ஒரு நாள் தாங்கும் சக்தி பாரத்துக்குக் கீழே இறங்கிவிடும். அன்றைக்குப் புதிதாக எதுவும் நடக்க வேண்டியதில்லை.

ஆக, ஐந்நூறு வருஷம் நின்றது என்பது இனியும் நிற்கும் என்பதற்குச் சாட்சி ஆகாது. ஐந்நூறு வருஷம் சுமந்தது என்பதற்குத்தான் சாட்சி. நம்மைப் போன்ற வயதானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுபது வயது வரை ஓடிய முழங்கால் எழுபத்தொன்றிலும் ஓடும் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுப்பதில்லை.

அதே பவியாவிலிருந்துதான் காஞ்சிபுரத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். இந்தியாவும் இத்தாலியும் சேர்ந்து நடத்திய ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் பவியாவைச் சேர்ந்த கார்லோ லாய் முதலியவர்களும், சென்னை ஐஐடியின் சிவில் பொறியியல் துறைப் பேராசிரியர் அருண் மேனனும் காஞ்சிபுரத்துக் கோயில்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி: நிலநடுக்கம் வந்தால் இந்தக் கோயில்கள் என்ன ஆகும்?

நம்மூரில் ஏது நிலநடுக்கம் என்று கேட்பவர்களுக்கு 2001 செப்டம்பர் 25-ஐ நினைவுபடுத்துகிறேன். இரவு எட்டரை மணி சுமாருக்குப் புதுச்சேரிக் கடலில் 5.5 அளவில் ஓர் அதிர்ச்சி. சென்னையில் மாடி வீடுகளில் இருந்தவர்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அடுத்த ஆண்டு, 2002-ல், இந்தியத் தர நிர்ணய அமைவனம் நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தியபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. காஞ்சிபுரமும் மூன்றாம் மண்டலம்தான். இமயமலை அடிவாரம் அளவுக்குப் பயம் இல்லை. அதற்காகப் பயமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

இந்தக் குழு முதலில் பழைய நிலநடுக்கங்களின் பட்டியலைத் தொகுத்து, தமிழ்நாடு முழுவதற்குமான அபாயக் கணக்கை 2010-ல் வெளியிட்டது. 2012-ல் காஞ்சிபுரத்துக்கு என்றே தனியாக ஒரு கட்டுரை வந்தது. இந்த ஊரில் நிலம் அதிர்ந்தால் எவ்வளவு அதிரும், எந்த மாதிரி அதிரும் என்பது அதன் பொருள். அதன் பிறகு 2018-ல் சென்னை ஐஐடி ஆராய்ச்சியாளர்கள் ஏகாம்பரநாதர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரத்தையும், நாலுகால் மண்டபம், பதினாறுகால் மண்டபம் ஆகியவற்றையும் கம்ப்யூட்டருக்குள் கட்டி, அந்த அதிர்வைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளியானது.

கம்ப்யூட்டருக்குள் கோபுரத்தை எப்படிக் கட்டுவது? இதை மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்குச் சுலபமாகச் சொல்லலாம். பட்டுப்புடவையில் ஒரு மயில் வர வேண்டுமானால் டிசைன் போடுகிறவர் என்ன செய்கிறார்? கிராஃப் தாளில் மயிலைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார். ஒவ்வொரு கட்டத்துக்கும் கேள்வி ஒன்றுதான்: இங்கே இழை எழும்ப வேண்டுமா, வேண்டாமா? அதன்படி அட்டையில் ஓட்டை குத்துகிறார்கள். ஓட்டை இருந்தால் பாவு இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. ஜக்கார்டு பெட்டி அட்டையைப் படித்துக்கொண்டே போக, தறியில் மயில் வந்துவிடுகிறது. பிரெஞ்சுக்காரர் ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த இந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கும் ஓட்டை குத்திய அட்டையே போதும் என்று முடிவு செய்தார். அந்த வகையில் கம்ப்யூட்டருக்குத் தறி ஒரு மூதாதை.

கோபுரத்தையும் அப்படித்தான் சின்னச் சின்னக் கட்டிகளாகப் பிரிக்கிறார்கள். தாளில் அகலமும் உயரமும் மட்டும். இதில் ஆழமும் சேரும். ஒவ்வொரு கட்டிக்கும் அதன் எடை என்ன, எவ்வளவு அழுத்தம் தாங்கும், இழுத்தால் எப்போது பிளக்கும், பக்கத்துக் கட்டியோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு அடியில் நிலத்தை அசைத்தால், எந்தக் கட்டி முதலில் தளர்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும். உண்மைக் கோபுரத்தின் மேல் ஒரு சுத்தியல் அடிகூட விழாமல் இதைப் பார்த்துவிடலாம். காரை இல்லாத மண்டபத்துக்குக் கணக்கு வேறு. அங்கே கல் நொறுங்குவதைவிடத் தூண் ஆடிச் சாய்வதுதான் கவலை. அடுக்கி வைத்த பாத்திரங்களை அசைத்தால் பாத்திரம் உடைவதற்கு முன் அடுக்கு சரிவதைப் போல.

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு கட்டடத்தை அளப்பதென்றால் டேப், தூக்குக்குண்டு, ரசமட்டம், பிறகு ட்ரேசிங் தாள், அமோனியா பிரிண்ட். 190 அடிக் கோபுரத்தைச் சாரம் கட்டாமல் அளப்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். இப்போது லேசர் கருவியைத் தெருவில் நிறுத்தினால் சுதைப் பொம்மையின் மூக்கு வரைக்கும் புள்ளி புள்ளியாக அளந்துவிடுகிறது. தரைக்குள் ரேடார் அலையைச் செலுத்தித் தோண்டாமலேயே அடியில் இருப்பதை ஊகிக்கிறார்கள். கோபுரத்தில் சின்ன அதிர்வுமானியைப் பொருத்தி, காற்றிலும் வண்டிப் போக்குவரத்திலும் அது எவ்வளவு நுட்பமாக ஆடுகிறது என்று பதிகிறார்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதற்கென்று ஓர் ஆட்டம் உண்டு. தென்னைக்கு ஓர் ஆட்டம், முருங்கைக்கு ஓர் ஆட்டம் போல. அந்த ஆட்டம் வருஷத்துக்கு வருஷம் மாறினால் உள்ளே ஏதோ தளர்கிறது என்று அர்த்தம். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரிதான்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கம்ப்யூட்டருக்கு நாம் சொன்னதுதான் தெரியும். 1509-ல் அரைத்த காரையின் பலம் என்ன, சுவரின் நடுவில் செங்கல்லா வெறும் நிரவலா, எந்தத் திருப்பணியில் எங்கே என்ன பூசினார்கள் என்பதெல்லாம் அதற்குத் தானாகத் தெரியாது. அட்டையில் ஓட்டை தப்பாகக் குத்தினால் மயிலுக்குக் கால் மூன்று வரும். கணக்கும் அப்படித்தான். அதனால் எந்தக் கணக்குக்கும் முதல் தேவை ஒழுங்கான பதிவு.

இங்கேதான் நம் பொறுப்பு வருகிறது. ஆகம வழக்கப்படி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை திருப்பணி, கும்பாபிஷேகம். சாரம் கட்டுகிறோம், பூசுகிறோம், வர்ணம் அடிக்கிறோம். கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் பல கோயில்களில் சுண்ணாம்பு இருந்த இடத்தில் சிமெண்ட் வந்துவிட்டது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்து, சுண்ணாம்பை நாள்கணக்கில் புளிக்கவைத்து அரைக்க யாருக்கும் பொறுமை இல்லை. தெரிந்த கொத்தனார்களும் குறைந்துவிட்டார்கள். சிமெண்ட் பலமானது, உண்மை. கெடுதலே அந்தப் பலத்தில்தான். பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் வெயிலுக்கு விரிந்து, ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். மேலே பூசிய சிமெண்ட் அந்த மூச்சை அடைத்துவிடுகிறது. உள்ளே நின்ற ஈரமும் உப்பும் செங்கல்லைப் பொடியாக்கும். வெளியே பார்த்தால் பளபளப்பு, உள்ளே உளுத்தல்.

இப்போது எல்லோரும் பேசுகிற சுற்றுச்சூழல் கணக்கும் இதற்குள் இருக்கிறது. உலகத்தில் மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பினால் வருகிறது. சிமெண்டுக்குச் சூளையில் 1,450 டிகிரி வெப்பம் வேண்டும். சுண்ணாம்புக்கு 900 டிகிரி போதும். சுண்ணாம்புக் காரை இறுகும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்தும் கொள்ளும். அதையெல்லாம்விடப் பெரிய லாபம், ஏற்கெனவே நிற்பதை விழாமல் காப்பது. கட்டி முடித்த கட்டடத்துக்குப் புதிதாகச் செங்கல் சுட வேண்டியதில்லை, மலையை உடைக்க வேண்டியதில்லை, ஆற்று மணலை அள்ள வேண்டியதில்லை.

2021-ல் சென்னை ஐஐடி வளாகத்தில் கம்ப்யூட்டர் சொன்னபடி இயந்திரமே அடுக்கு அடுக்காக அச்சிட்ட 600 சதுர அடி வீட்டைத் திறந்து வைத்தார்கள். எல்லாப் பத்திரிகைகளிலும் செய்தி வந்தது. சந்தோஷம்தான். அதே கம்ப்யூட்டர் அறிவு நம் ராஜகோபுரத்துக்கும் உழைத்திருக்கிறது என்பது இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஆங்கிலத்தில், ஆராய்ச்சி இதழ்களில் இருக்கின்றன. கோபுரத்தைத் தினமும் கும்பிடுகிறவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை.

நான் கேட்பது பெரிய செலவு அல்ல. ஒவ்வொரு பெரிய கோயிலுக்கும் ஒரு பதிவேடு. திருப்பணிக்கு முன்னும் பின்னும் லேசர் அளவு, படங்கள், விரிசல்களின் நீளம், அகலம், தேதி. எந்த நிலையில் என்ன கலவை பூசினார்கள் என்ற குறிப்பு. அடுத்த பன்னிரண்டு ஆண்டு கழித்து வருகிறவர் அதைப் பிரித்துப் பார்த்து, விரிசல் வளர்ந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். காளஹஸ்தியில் விரிசல் கண்ணுக்குத் தெரிந்தது. அது எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று ஆண்டாண்டாக அளந்து வந்திருந்தால், கடைசி மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

உங்களில் திருப்பணிக் குழுக்களில் இருப்பவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். அடுத்த கூட்டத்தில் வர்ணம் எந்தக் கம்பெனி என்று பேசுவதற்கு முன், அளவு எடுத்தாகிவிட்டதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். பூச்சு சுண்ணாம்பா சிமெண்டா என்று இன்னொரு கேள்வி. இந்த இரண்டையும் கேட்க இன்ஜினியராக இருக்க வேண்டியதில்லை.