‘புரியலை சார்!’

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். ராமேஸ்வரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதை ரத்து செய்துவிட்டார்கள். ஆனால், ரயில் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஊருக்கு வரவேண்டிய பத்திரிகைகள்? ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே, ஓடுகிற ரயிலிலிருந்து கட்டுக்கட்டாகத் தூக்கி எறிந்துவிட்டுப் போவார்கள்!

ஊருக்கே பத்திரிகை விநியோகம் செய்தவர் சம்சுதீன். விழுகிற கட்டுகளைப் பிடிக்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. உறவுக்காரப் பையன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பையனுக்கு அப்போது பத்திரிகை படிக்கிற அளவுக்கு எழுத்து வசப்படவில்லை. வீடு வீடாகப் போவதற்கு முன்னால் படங்களை மட்டும் ஒரு நோட்டம் விடுவான். அவ்வளவுதான்.

பையன் யாரென்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். 1931 அக்டோபர் 15-ல் பிறந்த அப்துல் கலாம்! அவர் ராக்கெட் விட்டதும் ஜனாதிபதி ஆனதும் நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது வேறு. விமானம் என்கிற, அந்தத் தீவில் யாருக்குமே பழக்கமில்லாத ஒரு வித்தையைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட பையன், எங்கே போய் ஆரம்பித்தான்? அதற்கான புத்தகமும் வாத்தியாரும் அவனுக்கு எப்படிக் கிடைத்தார்கள்?

கலாமின் அப்பா ஜைனுலாப்தீன், பக்தர்களை தனுஷ்கோடிக்கு ஏற்றிப்போக ஒரு மரப் படகு கட்டினார். படகு கட்டக் கற்றுக்கொள்ள நூலகம் எதற்கு? கடற்கரையில் போய் நின்றால் போதும். பலகையை எப்படி வளைக்கிறார்கள், ஆணி எங்கே இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்தே கை பழகிவிடும். பரம்பரைத் தொழிலுக்கு ஊரே பள்ளிக்கூடம். புதுத் தொழிலுக்கு அந்த வசதி கிடையாது. பக்கத்தில் போய் நிற்க ஆள் இருக்காது. எந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பது என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

அந்தப் படகு கட்டும்போது கூட இருந்தவர் அகமது ஜலாலுதீன். பிற்பாடு கலாமின் அக்காவை மணந்தவர். அன்றைக்கு அந்தத் தீவிலேயே ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான் என்று கலாம் ‘அக்னிச் சிறகுக’ளில் சொல்கிறார். ஊர்க்காரர்களுக்கு லெட்டர் எழுதிக் கொடுப்பார். பையனோடு சாயங்காலம் நடந்துபோகும்போது, புதுக் கண்டுபிடிப்புகள் பற்றியெல்லாம் பேசுவார். எஸ்.டி.ஆர்.மாணிக்கம் என்று இன்னொருவர். தேச விடுதலைக்காகத் தீவிரமாக இயங்கியவர். அவர் வீட்டில் புத்தகங்கள் இருந்தன. ‘எடுத்துட்டுப் போய்ப் படி’ என்று கொடுத்துவிடுவார்.

பேச ஓர் ஆள், புத்தகம் கொடுக்க ஓர் ஆள். மூன்றாவதாக வந்தவர்தான் முக்கியமானவர். ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். ஐந்தாம் வகுப்பில் ஒருநாள், பறவை எப்படிப் பறக்கிறது என்று போர்டில் படம் போட்டு விளக்கினார். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டார். ‘புரியலை சார்’ என்றார் கலாம். மற்ற பையன்களும் அதையேதான் சொன்னார்கள்.

நம்மில் எத்தனை பேருக்கு அந்த வார்த்தையைச் சொல்லும் தைரியம் இருந்திருக்கும், சொல்லுங்கள்? சொன்னால் எத்தனை வாத்தியார் பொறுத்துக்கொண்டிருப்பார்? ஐயர் கோபப்படவில்லை. அன்று சாயங்காலம் மொத்த வகுப்பையும் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போனார். பறவைகள் சிறகடித்து எழும்புவதை, வாலைத் திருப்பி திசை மாறுவதைக் காட்டினார். தன் வாழ்க்கையின் பாதையைத் தீர்மானித்தது அந்தப் பாடம்தான் என்று கலாம் கடைசி வரைக்கும் மேடை மேடையாகச் சொன்னார்.

அப்புறம் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. அங்கே சேர அன்றைக்கு ஆயிரம் ரூபாய் வரை தேவைப்பட்டது. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். கல்லூரி வளாகத்தில் ஓய்வுபெற்ற விமானங்கள் இரண்டை மாணவர்கள் பார்ப்பதற்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்றவர்கள் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் கலாம் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம். பக்கத்தில் போய் நிற்க ஒருவழியாக இடம் கிடைத்துவிட்டது!

புத்தகங்கள்தான் யானை விலை. நன்றாகப் படித்ததற்காக, டிமோஷென்கோவும் குடியரும் எழுதிய மீள்திறன் கோட்பாட்டு நூல் ஒன்று அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. அன்றைய விலை 400 ரூபாய்! ராமேஸ்வரத்தில் புயல் என்று செய்தி வந்தபோது ஊருக்குப் போகக் கையில் காசில்லை. நேரே மூர் மார்க்கெட்டுக்குப் போய் அதை விற்க நின்றார். பழைய புத்தகக் கடைக்காரர் 60 ரூபாய் கொடுத்தார். கொடுத்துவிட்டு, ‘இதை யாருக்கும் விற்க மாட்டேன். பணம் வரும்போது வந்து மீட்டுக்கோ’ என்கிற மாதிரி சொல்லி அனுப்பினாராம். 1985-ல் தீயில் அழிந்துபோன அந்த மார்க்கெட்டில் இப்படியும் ஒரு மனுஷர்!

எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் கட்டுரைப் போட்டி வைத்தபோது, நம் விமானத்தை நாமே செய்யவேண்டும் என்று தமிழில் எழுதினார் கலாம். முதல் பரிசைக் கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். ஆங்கிலத்தில் படித்ததைத் தன் பாஷையில் எழுதிப் பார்த்த மாணவன் அவர்.

இதே கஷ்டம் கம்ப்யூட்டர் வந்தபோதும் வந்தது. 1963-ல் கான்பூர் ஐ.ஐ.டி-க்கு ஐ.பி.எம். 1620 வந்திறங்கியது. ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதி, அட்டைகளில் ஓட்டை போட்டு உள்ளே செலுத்தவேண்டும். சொல்லித்தரும் புத்தகங்கள் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். மாணவர்களால் வாங்கக்கூடிய விலையா அது? ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி.ராஜாராமன் 1969-ல் தானே ஒரு புத்தகம் எழுதி, மலிவு விலையில் வரச் செய்தார். இந்தியாவில் ஆயிரக்கணக்கான பேர் நிரல் எழுதப் பழகியது அவருடைய புத்தகங்களை வைத்துத்தான்.

இன்றைக்கு? அதே ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி மாணவி எஸ்.ஏ.பி. அல்லது சேல்ஸ்ஃபோர்ஸ் கற்றுக்கொள்ள உட்காருகிறாள் என்று வையுங்கள். ரயில் கட்டை எறியவேண்டியதில்லை. செல்போனிலேயே எல்லாம் கொட்டுகிறது. ஐ.ஐ.டி-க்கள் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம். சேல்ஸ்ஃபோர்ஸ் கம்பெனியே 2014-ல் ‘ட்ரெயில்ஹெட்’ என்று இலவசப் பாடம் ஆரம்பித்தது, பழகிப் பார்க்க ஒரு கணக்கும் தருகிறது. தமிழில் 2012 முதல் ‘கணியம்’ கட்டற்ற மென்பொருள் பற்றி எளிமையாக எழுதிவருகிறது.

ஆனாலும் ஒரு வாரத்தில் அவள் மூடி வைத்துவிட வாய்ப்பிருக்கிறது. ஏன்? வீடியோ பழைய பதிப்பு. அதில் தெரிகிற பட்டன் இவள் ஸ்கிரீனில் இல்லை. கம்பெனி தரும் கையேடு, ஏற்கெனவே தெரிந்தவனுக்காக எழுதியது. நூறு பாடம் கிடக்கிறது, எது முதல் என்று தெரியவில்லை. ‘நமக்கெல்லாம் மூளை பத்தாது’ என்று முடிவுகட்டிவிடுகிறாள். அங்கேதான் நாம் ஒரு நல்ல இன்ஜினீயரை இழக்கிறோம்.

வீடியோவிடம் ‘புரியலை’ என்றால், அது பாட்டுக்கு ஓடும். கடற்கரைக்கு அழைத்துப் போகாது. உங்களுக்கு இந்த வேலை தெரிந்திருந்தால், உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். நூறில் எந்த ஒன்றை முதலில் திறப்பது என்று காட்டுங்கள். பிறகு ‘புரிஞ்சுதா?’ என்று கேளுங்கள். இல்லை என்று அவள் சொன்னால், சந்தோஷப்படுங்கள்.