அகதிகளும் தொழிற்பயிற்சியும்

திரங்கானுக் கடற்கரைக்கு அப்பால் உள்ள பீடோங் தீவு 1978 ஆகஸ்டில் வியட்நாமிய அகதிகளின் முகாமாயிற்று. மறு ஆண்டின் நடுவில் அச்சிறு தீவில் ஏறத்தாழ 40,000 பேர் நெருங்கி வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பின்னர் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். அவர்கள் பட்ட துயரத்தை அறிந்த நாம், சென்ற இடத்தில் எத்தொழிலைக் கொண்டு பிழைத்தனர் என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

அமெரிக்க அரசுக்கு இச்சிக்கல் புதியதன்று. 1959இல் கியூபாவில் புரட்சி வென்றபின் மயாமி நகருக்கு ஓடிவந்தோருள் மருத்துவரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் பலர். கற்ற கல்வி கையில் இருந்தது; அதைப் பயன்படுத்தும் மொழியும் உரிமமும் இல்லை. மருத்துவர் உணவகத்தில் தட்டுக் கழுவுவது அவருக்கு மட்டுமா இழப்பு? 1962இல் இயற்றப்பெற்ற சட்டம், அகதிகளின் வேலைப் பயிற்சிக்கும் தொழில்முறை மறுபயிற்சிக்கும் அரசுப் பணத்தைச் செலவிட வெளிப்படையாகவே இடமளித்தது. இத்தாராளத்தில் பொதுவுடைமை எதிர்ப்பு அரசியலும் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் பயன் பயனே.

இந்தோசீன அகதிகளின் நிலை வேறு. லாவோசு மலைகளிலிருந்து தாய்லாந்து முகாம்களின் வழியாக வந்த மோங் மக்களை எடுத்துக்கொள்வோம். அவர்கள் மொழிக்கு இன்று பெரிதும் வழங்கும் உரோமன் எழுத்துமுறையே 1950களின் தொடக்கத்தில்தான் உருவாயிற்று. மலைச்சாரலில் நெல் விதைத்து வாழ்ந்த முதியவர், முதலில் எழுதுகோலைப் பிடிக்கவேண்டும், பின்னர் ஆங்கிலம், அதன்பின்னரே தொழில். இதற்கு எத்தனை காலம் ஆகும் என்பதை வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்க்குச் சொல்லவேண்டியதில்லை.

1980 மார்ச் 17ஆம் நாள் அதிபர் கார்ட்டர் கையொப்பமிட்ட அகதிகள் சட்டம் இரண்டு நோக்கங்களை ஒருங்கே கூறிற்று. பயிற்சிக்கும் வேலை தேடித் தருவதற்கும் போதிய நிதி வழங்கவேண்டும். அகதிகள் இயன்ற அளவு விரைவில் தம் காலில் நிற்கவும் வேண்டும். கேட்பதற்கு இரண்டும் நல்லவையே. ஆனால் ஒன்று காலத்தை வேண்டுகிறது. மற்றொன்று காலத்தைக் குறைக்கச் சொல்கிறது. செலவு மிகுந்தபோது வென்றது விரைவே.

தொடக்கத்தில் 36 மாதம்வரை கிடைத்த அகதிகளுக்கான சிறப்பு உதவிப்பணம் 1982இல் 18 மாதமாகவும், 1991இல் 8 மாதமாகவும் சுருங்கிற்று. பயிற்சி வகுப்பு அதன்பின்னும் திறந்திருக்கலாம். ஆனால் உதவிப்பணம் நின்றபின் குழந்தைகளுக்குச் சோறிட வேண்டியவர், தச்சோ பற்றவைப்போ கற்க ஓராண்டு காத்திருப்பாரா? கிடைத்த முதல் கூலிவேலையை ஏற்பார். பல ஆண்டுகள் கழிந்தும் அதே கூலியில் நிற்பார். அப்போது அரசு மிச்சப்படுத்தியதாகக் கணக்கில் காட்டிய தொகை, வேறு உதவியின் பெயரில் மீண்டும் செலவாகும். கணக்கெழுதுவோர் இதனைக் காணாதது வியப்பே.

2022இல் இக்காலவரை 12 மாதமாக உயர்த்தப்பட்டது. 2025 மே மாதத்தில் அது 4 மாதமாகக் குறைக்கப்பட்டது.