மருதனார்மடத்து ஆஞ்சநேயர்: இலங்கையை எரித்தவர் இலங்கையில் தெய்வமான வரலாறு

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் போகிறவர்களுக்கு, இணுவிலைக் கடந்ததும் ஆஞ்சநேயரின் நெடிய சிலை தெரியத் தொடங்கும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் நிறுவிய பெண்கள் கல்லூரியாலும் காய்கறிச் சந்தையாலும் அறியப்பட்ட மருதனார்மடத்துக்கு இன்று இந்தக் கோயிலும் ஓர் அடையாளம். இராமாயணக் கதைப்படி இலங்காபுரிக்குத் தீ வைத்தவர் இவர். அதே நாட்டின் வடக்கில் அவருக்கு வடைமாலையும் வெற்றிலைமாலையும் சாத்தப்படுவதற்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு.

இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் வரும் விருசாகபி என்ற குரங்கே அனுமனின் முன்னோடி என்றார் ஆய்வாளர் பார்ஜிட்டர். அது ஊகம்தான். தெளிவான தொடக்கம் வான்மீகியின் சுந்தர காண்டம். நூறு யோசனைக் கடலைத் தாவும் வழியில் சுரசை வாய் பிளக்கிறாள்; நிழலைப் பிடித்தே இரையை இழுக்கும் சிம்மிகை மறிக்கிறாள். இந்த அரக்கியைக் கம்பர் அங்காரதாரை என்கிறார். கரையேறினால் இலங்கையின் காவல் தெய்வமே எதிர்த்து நிற்கிறது. வீரனும் பூதமும் மோதும் கதைகள் உலகெங்கும் உண்டு. வென்ற பிறகும் தன்னைத் தூதன் என்று மட்டும் சொல்லிக்கொள்ளும் வீரன் அரிது. அனுமனின் பெருமை அங்கேதான் இருக்கிறது.

காவிய வீரன் தனித் தெய்வமாக வெகுகாலம் பிடித்தது. கஜுராஹோவில் கி.பி. 922ஐச் சேர்ந்த கல்வெட்டுடன் ஓர் அனுமன் சிலை இருக்கிறது. காலம் தெரிந்தவற்றுள் மிகப் பழையவற்றில் அது ஒன்று. 17ஆம் நூற்றாண்டில் மகாராட்டிரத்தில் சமர்த்த ராமதாசர் மாருதி கோயில்களை நிறுவினார். தமிழகத்தில் நாமக்கல்லிலும் சுசீந்திரத்திலும் நெடிய ஆஞ்சநேயர்கள் நிற்கிறார்கள்.

கடல் கடந்த அனுமன் குணத்திலும் மாறினார். தாய்லாந்து இராமாயணமான ராமகியனில் அவர் பிரம்மச்சாரி அல்லர்; சுவண்ணமச்சா என்ற மீன்கன்னியை மணந்து மச்சானு என்ற மகனைப் பெறுகிறார். சீனத்தின் குரங்கரசன் சுன் வுகோங் அனுமனின் வழித்தோன்றலே என்று 1923இல் சீன அறிஞர் ஹூ ஷி எழுத, எழுத்தாளர் லூ ஷுன் மறுத்தார். விவாதம் இன்னும் ஓயவில்லை.

இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள ருமஸ்ஸல குன்றையும் ரிட்டிகல மலையையும் அனுமன் சுமந்துவந்த மருந்துமலையின் துண்டுகள் என்கின்றன சிங்கள நாட்டார் கதைகள்.

யாழ்ப்பாணத்தின் நிலை வேறு. இராமர் அணையைக் காப்பவர்கள் என்ற பொருளில் சேதுகாவலர் எனப்பட்ட ஆரியச்சக்கரவர்த்திகள் தம் நாணயங்களில் ‘சேது’ என்று பொறித்தார்கள். ஆனால் சைவம் வேரூன்றிய இம்மண்ணில் மக்கள் கும்பிட்டது சிவனையும் முருகனையும் பிள்ளையாரையும். ஊர் எல்லைகளிலும் வளவுகளிலும் வைரவரையும் அண்ணமாரையும் முனியையும். இராவணன் இங்கே சிவபக்தன். திருகோணமலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவும், தாயின் கிரியைக்காக அவன் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் கன்னியா வெந்நீரூற்றுகளும் உள்ளன. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் அவனை நினைக்கிறார். நல்லூர்த் திருவிழாவில் இராவணன் தாங்கும் கைலாச வாகனமும் உலா வரும்.

எனவே மருதனார்மடத்து ஆஞ்சநேயர் யாழ்ப்பாணத்துக்குப் புதியவர். சனி தோஷம் நீங்க வேண்டிச் சனிக்கிழமைகளில் அவரை வணங்கும் வழக்கமும், உயர்ந்த சிலை எழுப்பும் அண்மைக்கால ஆர்வமும் ஈழத்துக்கு மட்டும் உரியவை அல்ல. மலைநாட்டில் றம்பொடையில் சின்மயா மிஷன் அனுமன் கோயில் கட்டியது. திரினிடாட்டின் காரபிச்சைமாவில் 85 அடிச் சிலை நிற்கிறது. இராவணனை வெறுக்காமலே அனுமனையும் ஏற்றுக்கொண்டது யாழ்ப்பாணச் சைவத்தின் தனித்தன்மை. இந்த வழிபாடு குடாநாட்டில் வளர்ந்ததைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஊர் இளைஞர்கள் அவர்களின் நினைவுகளை இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.