தோட்டாப் பித்தளையின் தரம்: காகித உறை முதல் குதிரை லாயம் வரை

சித்தூர், திருப்பதி வட்டாரத்துச் சேஷாசலக் காடுகளில், சாமலா பள்ளத்தாக்கில் ஆட்கொல்லிப் புலியைத் தேடி அலைந்ததை வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் 1954 இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். அவர் நம்பிய ரைபிள் .405 வின்செஸ்டர். அதன் தோட்டா அமெரிக்காவில் 1904 இல் அறிமுகமானது. கடல் கடந்து வரவேண்டிய தோட்டாவைச் சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டில் மீண்டும் மருந்து நிரப்பலாமா? சித்தூர் வட்டாரத்துப் புத்தலப்பட்டின் வேட்டைக்காரர் முதல் லண்டன் ஆய்வகம் வரை பொருந்தும் கேள்வி இது. இதற்கான அளவுகோல்களுள் மிக நுட்பமானது இந்திய மழைக்காலத்தில் உருவானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1857 வாக்கில் இந்தியச் சிப்பாய்க்கு வந்த தோட்டா கொழுப்புத் தடவிய காகிதச் சுருள். சுட்டால் உறை மிஞ்சாது. 1866 இல் வந்த ஸ்னைடர் துப்பாக்கிக்கு வுல்விச் ஆயுதசாலையின் எட்வர்ட் பாக்ஸர் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, இரும்பு அடி வைத்து உறை செய்தார். 1869 இல் புனே அருகே கிர்கியில் தோட்டாத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. ஆனால் சுருட்டிய தகடு நம்பத்தக்கதாக இல்லை. 1884–85 சூடான் போரில் மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிகளில் சூடேறிய உறைகள் அறைக்குள்ளேயே சிக்கிக்கொண்டன. அதன் பிறகே ஒரே துண்டாக இழுத்துச் செய்த கெட்டிப் பித்தளை உறை பிரிட்டிஷ் படையில் நிலைபெற்றது. .303 தோட்டா அந்த வழியில் வந்தது.

செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு கலந்த பித்தளை வில்லையைக் கிண்ணமாக அழுத்தி, அச்சுகளின் வழியே படிப்படியாக நீட்டுகிறார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் உலோகம் இறுகுவதால் இடையிடையே காய்ச்சி ஆற்ற வேண்டும். குடம் தட்டும் கன்னார் அறிந்த அதே வித்தைதான். வேலை முடியும்போது அடிப்பகுதி கடினமாகவும் கழுத்து இளக்கமாகவும் இருக்க வேண்டும். அடி இளகினால், மருந்தைப் பற்றவைக்கும் கேப் அமரும் குழி விரியும். கழுத்து இறுகினால் அது பிளக்கும். கழுத்தைச் சுடரில் காய்ச்சியதன் நிறமாற்றம் ராணுவத் தோட்டாக்களில் அப்படியே தெரியும். அதைக் கறை என்று ஒதுக்குபவர் நல்ல கூட்டையே ஒதுக்குகிறார்.

இவ்வளவு கவனமாகச் செய்த உறைகளும் இந்தியாவில் கிடங்கில் இருந்தபடியே விரிசல் கண்டன. யாரும் சுடவில்லை, தட்டவும் இல்லை. மழைக்காலத்தில் மிகுந்ததால் பருவ வெடிப்பு என்று பெயர் வந்தது. ஈரக்காற்றின் மேல் பழி போடுவது எளிது, ஆனால் அது பாதி உண்மைதான். குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களே விரிசல் கண்டன. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து செம்பைக் கரைத்து, உலோகத்தின் மணி எல்லைகளை அரித்தது. அரிப்பு மட்டும் போதாது. குளிர்நிலையில் இழுத்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசை, அரித்த இடத்தைப் பிளந்தது. ஆய்வாளர்கள் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் 1921 இல் இந்த இரட்டைக் காரணத்தை விளக்கினார்கள். தீர்வும் இரண்டு: பித்தளையின் கடினம் குறையாத அளவுக்கு மிதமாகச் சூடேற்றி உள்ளிறுக்கத்தை நீக்குவது, அம்மோனியா அண்டாத இடத்தில் வைப்பது. பாதரச நைட்ரேட் கரைசலில் முக்கிப் பார்க்கும் சோதனை, மறைந்திருக்கும் இறுக்கத்தை விரிசலாக வெளிக்காட்டியது. இதுதான் தரம் பற்றிய எண்ணத்தையே மாற்றியது என்பேன். பளபளப்பும் அளவும் சரியாக இருக்கும் உறை உள்ளே பழுதாக இருக்கலாம் என்பது அப்போதுதான் ஆய்வகத்தில் நிறுவப்பட்டது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கேடு பாதரசம். பழைய கேப்புகளில் பாதரச ஃபல்மினேட் இருந்தது. கருமருந்துக் காலத்தில் அதன் கசடே பாதரசத்தின் பெரும்பகுதியை ஏந்திக்கொண்டது. புகையற்ற மருந்து வந்ததும் பாதரசம் நேரே பித்தளையில் ஏறி அதை நொறுங்கச் செய்தது. அத்தகைய கூட்டை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் பயன் இல்லை.

கண்ணால் அறியக்கூடியவை எளியவை. கழுத்தில் நீளவாக்குப் பிளவு, தளர்ந்த கேப் குழி, அடிக்குச் சற்று மேலே ஒளிரும் வளையம். மூன்றாவதே மிக ஆபத்தானது. உறை அங்கே நீண்டு மெலிந்துவிட்டது, அடுத்த வெடியில் அடி தனியே கழன்றுவிடலாம் என்பதன் அறிகுறி அது. நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். .303 ரைபிள்களின் அறை தாராளமானது, உறை விளிம்பில் தாங்கி நிற்பது. அதனால் இந்தக் குறை அவற்றில் அதிகம். கேப் வகையும் முக்கியம். அமெரிக்கரான பெர்டன் வகுத்த முறையில் கேப் மோதி வெடிக்கும் பட்டடை உறையின் குழியிலேயே இருக்கும், பொறித்துளைகள் ஓரமாக இருக்கும், பழைய கேப்பை நடுவே குத்தித் தள்ள முடியாது. பாக்ஸர் முறையில் நடுவில் ஒரே துளை. ஆங்கிலேயர் வகுத்த முறை அமெரிக்காவில் பரவியது, பிரிட்டிஷ் ராணுவமோ பெர்டன் முறையைப் பின்பற்றியது.

இன்று உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959 படைக்கலச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் உரிமத்துடன் தோட்டா வைத்திருப்போருக்கு 1921 இன் முடிவு அப்படியே பொருந்தும். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறை, உரமூட்டை அடுக்கிய பரண், அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் எல்லாம் பித்தளைக்குப் பகை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் சித்தூர்ப் பக்கத்துக் கிராம வீடுகளில் தோட்டாப் பெட்டி இவற்றிலிருந்து விலகி, உலர்ந்த இடத்தில் இருக்க வேண்டும்.